ஸ்பர்ஸ் அணிக்கு அடித்தது வெறும் அதிர்ஷ்டமா?

தம்பி: மாமா, ஒரு கேள்வி. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஆடும் சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸுக்கு, அணிகள் வரிசையாகப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மூன்று தடவை முதல் இடம் விழுந்திருக்கிறது. 1987-ல் டேவிட் ராபின்சன், 1997-ல் டிம் டங்கன், 2023-ல் வெம்பன்யாமா. இப்படி அதிர்ஷ்டம் அடித்தால் எந்த அணியும் ஐந்து கோப்பை வாங்குமே?

மாமா: டிராஃப்ட் வரிசையை முடிவு செய்யும் குலுக்கலில் முதல் இடம் வந்தது அதிர்ஷ்டம்தான். அப்புறம் நடந்ததைப் பார். ராபின்சன் கடற்படை அதிகாரி. இரண்டு வருடம் ஆட வர மாட்டார் என்று தெரிந்தே எடுத்தார்கள். காத்திருந்தார்கள். 1988-89 சீசனில் வெறும் 21 வெற்றி. அவர் வந்த அடுத்த சீசனில் 56.

தம்பி: 21-லிருந்து 56-ஆ!

அக்கா: மாமா, பழைய நட்சத்திரம் கெர்வினை விட்டுவிட்டீர்களே.

மாமா: விடுவேனா! தம்பி, இந்த அணி 1967-ல் டல்லஸ் சாப்பரல்ஸ் என்ற பெயரில், என்பிஏவுக்குப் போட்டியாக இருந்த ஏபிஏ லீக்கில் தொடங்கியது. அங்கே கூட்டம் வரவில்லை. 1973-ல் சான் ஆன்டோனியோக்காரர்கள் குத்தகைக்கு எடுத்து வந்தார்கள். அடுத்த வருடமே ஜார்ஜ் கெர்வின் வந்து சேர்ந்தார். 1976-ல் ஏபிஏ கலைந்தபோது என்பிஏவுக்குள் போன நான்கு அணிகளில் ஸ்பர்ஸும் ஒன்று.

மாமா: 1978 சீசனின் கடைசி நாளைக் கேள். அதிகப் புள்ளிக்கான பட்டத்துக்குப் போட்டி. பகலில் டென்வரின் டேவிட் தாம்சன் 73 அடித்துவிட்டார். அன்று இரவு கெர்வின் 63 அடித்தார். அதில் 33 இரண்டாவது கால்பகுதியில் மட்டும்! பட்டம் அவருக்குத்தான். விரல் நுனியில் பந்தை உருட்டி வளையத்தில் விடும் ஃபிங்கர் ரோல் என்றால் இன்றும் அவர் பெயர்தான் வரும். ஆனால் இறுதிச் சுற்றில் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

தம்பி: சரி மாமா, டங்கன்? 1996-97-ல் ராபின்சனுக்கு அடிபட்டு அணி 20 வெற்றியோடு கீழே கிடந்ததால்தானே அவர் கிடைத்தார்?

மாமா: ஆமாம். ஆனால் ராபின்சன் 1995-ல் எம்விபி, அதாவது சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். ஒரே ஆட்டத்தில் 71 புள்ளி அடித்தவர். அப்படிப்பட்டவர் புதுப் பையனுக்கு முதலிடத்தை விட்டுக்கொடுத்தார். அதனால்தான் 1999-ல் முதல் கோப்பை வந்தது. குலுக்கலில் இது வராது.

அக்கா: 1999 என்றால் எனக்கு ஷான் எலியட்தான். போர்ட்லாண்டுக்கு எதிராக எல்லைக்கோட்டருகே பந்தை வாங்கி, குதிகால் கோட்டில் படாமல் முன்னங்காலில் நின்று மூன்று புள்ளி அடித்தாரே! அப்போதே அவருக்குச் சிறுநீரகக் கோளாறு. அந்தக் கோடையில் அண்ணன் ஒரு சிறுநீரகம் கொடுத்தார். 2000 மார்ச்சில் எலியட் மறுபடி கோர்ட்டில் இறங்கிவிட்டார்.

தம்பி: மாற்று அறுவை சிகிச்சைக்கு அப்புறம் என்பிஏ ஆட்டமா? இது எனக்குத் தெரியாது அக்கா.

மாமா: இன்னொன்று. மனு ஜினோபிலியை 57-வது ஆளாக எடுத்தார்கள். டோனி பார்க்கர் 28-வது. மற்ற பல அணிகள் தாண்டிப் போன பெயர்கள் அவை. ஜினோபிலி அர்ஜென்டினாவுக்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்தவர். கோச் போபோவிச் கேட்டதும், தொடக்க ஐவரில் இல்லாமல் பெஞ்சிலிருந்து இறங்கி ஆடச் சம்மதித்தார். பார்க்கர் 2007 இறுதிச் சுற்றின் எம்விபி.

தம்பி: 2013-ல் மயாமியிடம் தோற்றார்களே, அது?

மாமா: ஆறாவது ஆட்டம். அரை நிமிடத்துக்கும் குறைவு, ஐந்து புள்ளி முன்னிலை. கோப்பை கைக்கு வந்த மாதிரிதான். ரே ஆலன் மூலையிலிருந்து அடித்துச் சமன் செய்தார். ஓவர்டைமில், அதாவது கூடுதல் நேரத்தில், அந்த ஆட்டம் போனது, ஏழாவது ஆட்டமும் போனது. வேறு அணியாக இருந்தால் கலைத்திருப்பார்கள். இவர்கள் அதே ஆட்களோடு 2014-ல் அதே மயாமியைச் சந்தித்தார்கள். 4-1. ஜெயித்த நான்கிலும் 15 புள்ளிக்குக் குறையாத வித்தியாசம். பந்து ஒருவர் கையிலும் தங்காது, அப்படி ஒரு பாஸிங்.

அக்கா: அந்த இறுதிச் சுற்றின் எம்விபி காவாய் லெனார்ட். அப்போது 22 வயதுதான்.

தம்பி: அப்படியானால் வெம்பன்யாமாவுக்கு இன்னொரு பார்க்கர், இன்னொரு ஜினோபிலி வேண்டும்.

மாமா: அதைத்தான் சொல்கிறேன். முதலில் 2003 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தைப் பார். டங்கன் 21 புள்ளி, 20 ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (புள்ளிக்கு வழிசெய்யும் பாஸ்), 8 பிளாக் (எதிராளி எறிந்ததைத் தடுப்பது). ராபின்சனுக்கு அதுதான் கடைசி ஆட்டம். அவரும் 17 ரீபவுண்ட் எடுத்திருக்கிறார்.

தம்பி: இன்று இரவே பார்க்கிறேன் மாமா. அக்கா, எலியட் அடித்த ஆட்டத்தின் லிங்க் இருந்தால் போடுங்கள்.