ரேடியேட்டர் டேங்க்கில் விரிசல்: வீட்டிலேயே மாத்தலாமா, கடைக்கு விடணுமா?

புதுஸ்டியரிங்: 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். மேல் ஹோஸ் மாட்டும் மூக்குக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் டேங்க் விரிஞ்சு கூலன்ட் ஒழுகுது. எம்-சீல் போதும்னு ஒருத்தர் சொல்றார். ஏசி கேஸ் இறக்கித்தான் மாத்தணும்னு இன்னொருத்தர். எது சரி?

பத்தாம்நம்பர்: ரெண்டும் தப்பு. அந்த டேங்க் கண்ணாடி இழை கலந்த நைலான். எம்-சீல் மாதிரி எபாக்சி பசை அதுல சரியாப் பிடிக்காது, சூடாகி 1 பார் கிட்ட அழுத்தம் ஏறினதும் பிச்சுக்கும். ரேடியேட்டரை வீட்டிலேயே மாத்தலாம்.

எஞ்சின் முழுசா ஆறட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க, சில வண்டிகள்ல சாவி எடுத்த பிறகும் ஃபேன் சுத்தும். டிரெயின் பிளக் பிளாஸ்டிக். நகரலேன்னா முரட்டுத்தனமா முறுக்காம, கீழ் ஹோஸைக் கழட்டி டப்புல பிடிங்க. ஹோஸை நேரா இழுக்கவே கூடாது. கிளாம்பைப் பின்னுக்குத் தள்ளி, ஹோஸை இடமும் வலமும் திருப்பி ஒட்டு விட்டதும் உருவணும். அப்புறம் ஃபேன் சாக்கெட், ஃபேன் கூடு, மேல் பிராக்கெட்; போல்ட் பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனர்தான்.

புதுசை மாட்டும் முன் பழசு பக்கத்துல வெச்சுப் பாருங்க: மூக்கு விட்டம், அடி முளை, ஃபேன் துளை எல்லாம் ஒத்துப்போகணும். பழசோட அடி ரப்பர் புஷ்ஷை எடுத்துப் போடாம விட்டா, அதிர்வுல முளை முறிஞ்சிடும்.

ஒர்க்ஷாப்வாசி: போல்ட் கழட்ட யாருக்கும் தெரியும். ரேடியேட்டருக்கு முன்னால இருக்கிற ஏசி கண்டென்சரை மறந்துட்டீங்களே. பல வண்டிகள்ல அது ரேடியேட்டரோடவே மாட்டியிருக்கும். ரேடியேட்டரைத் தூக்கும்போது அலுமினியக் குழாய் மடங்கி விரிஞ்சா கேஸ் சீறும், பட்ட இடம் உறைஞ்சு புண்ணாகும்.

அதைவிட முக்கியம், டேங்க் ஏன் விரிஞ்சதுன்னு பார்க்காம புதுசு வாங்குறது. வயசான பிளாஸ்டிக் தானா விரியும், சரி. ஆனா எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருந்தா சிலிண்டர் புகை கூலன்ட்ல ஏறி அழுத்தத்தைக் கூட்டும். ஆறின எஞ்சின்ல ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணி நிரப்பி ஸ்டார்ட் பண்ணுங்க. முதல்ல நாலு குமிழி வந்து நின்னா அது சிக்கின காற்று. நிக்காம வந்துகிட்டே இருந்தா, புது ரேடியேட்டருக்குக் கொடுக்கிற காசு தண்டம்.

பத்தாம்நம்பர்: குமிழி சோதனை அவசியம், மறுக்கலை. கண்டென்சருக்காகக் கேஸ் இறக்குறது பெரும்பாலான சின்ன கார்கள்ல வீண் செலவு. கண்டென்சரோட போல்ட்டை மட்டும் எடுத்து, கயிறு போட்டு முன் சட்டத்துல கட்டுங்க. குழாய் இணைப்புல கை வைக்காதீங்க. ஆட்டோமேட்டிக்கா இருந்தா நானே கடைக்கு அனுப்பியிருப்பேன். சில மாடல்கள்ல கியர் ஆயிலும் ரேடியேட்டர் வழியாத்தான் ஓடும். இது மேனுவல்.

அம்பாசடர்காலம்: முழு ரேடியேட்டர் எதுக்கு? டேங்க் மட்டும் மாத்தித் தர்ற கடை இருக்கு. அப்படியே எஞ்சின் சூடாகுற வரை ரேடியேட்டருக்குப் போற வழியை அடைச்சு வைக்கிற தெர்மோஸ்டாட்டையும் கழட்டிப் போடுங்க. நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையா?

ஒர்க்ஷாப்வாசி: டேங்க் மாத்த ஓரத்து அலுமினியப் பற்களை நிமிர்த்தி, புது ஓ-ரிங் போட்டு மறுபடி மடக்கணும். ஒருதடவை மடங்கின பல் ரெண்டாவது தடவை முறியலாம். அடுத்தடுத்து ரெண்டு போனா அங்கேயே கசியும். கோர், அதாவது நடுவுல இருக்கிற அலுமினியக் குழாய்ப் பகுதி, நல்லா இருந்தா முயற்சி பண்ணலாம். வருஷக்கணக்கா போர்வெல் தண்ணி ஊத்தி உப்பு படிஞ்ச கோருக்கு அந்தச் செலவு வேண்டாம்.

தெர்மோஸ்டாட் யோசனை ஆபத்து. நிறைய எஞ்சின்கள்ல அது திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். எடுத்துட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே இருக்கும். சூடான தண்ணி ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுத்தும். ஏத்தத்துல ஓவர்ஹீட், சமவெளியில எஞ்சின் சூடேறாம மைலேஜ் அடி.

அம்பாசடர்காலம்: பழைய வண்டிகள் அப்படித்தானய்யா ஓடுச்சு.

பத்தாம்நம்பர்: இங்கே கேட்டது பழைய வண்டி இல்லையே, சார். பழைய வண்டியில சென்சார் பார்த்துப் பெட்ரோல் அளக்குற கம்ப்யூட்டரும் கிடையாது.

அடுத்து கூலன்ட். ரெடி மிக்ஸ் கேன்னா தண்ணி சேர்க்காதீங்க. தண்ணி கலக்காத கான்சன்ட்ரேட்னா பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர்.

ஒர்க்ஷாப்வாசி: அங்கேதான் கணக்கு இடிக்கும். வெறும் தண்ணி விட்டு அலசி ஃப்ளஷ் பண்ணியிருந்தா எஞ்சின் பிளாக்குக்குள்ள ஒரு லிட்டர் போலத் தண்ணி நிக்கும். மேல பாதிக்குப் பாதி கலவை ஊத்தினா கூலன்ட் பங்கு குறைஞ்சு, துரு தடுக்கிற சத்தும் நீர்த்துப்போகும். மொத்தக் கொள்ளளவு வண்டியோட வந்த கையேட்டுல இருக்கும். 4.5 லிட்டர்னா 2.25 லிட்டர் கான்சன்ட்ரேட்டை முதல்ல ஊத்திட்டு, மிச்சத்தை டிஸ்டில்டு வாட்டரால நிரப்புங்க. நிறத்தைப் பார்த்து வாங்காதீங்க, பச்சையும் பிங்க்கும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

புதுஸ்டியரிங்: ஏர் லாக், அதாவது உள்ளே சிக்கின காற்றை, எடுக்குறது எப்படி?

பத்தாம்நம்பர்: ஹீட்டரை ஃபுல் ஹாட்ல வைங்க. மூடி திறந்தபடியே ஐடில்ல ஓடட்டும், மெதுவா ஊத்துங்க. தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டுனு இறங்கும். நிரப்பி மூடியைப் போட்டுடுங்க, கொதி வர்ற வரை காத்திருக்காதீங்க. ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கணும். டெம்பரேச்சர் முள் ஏறுது, ஹீட்டர்ல குளிர் காத்து வருதுன்னா உள்ளே காற்று இருக்கு. உடனே ஆஃப் பண்ணி, முழுசா ஆறவிட்டு மறுபடி ஆரம்பிங்க.

ஒர்க்ஷாப்வாசி: மூடியும் புதுசா வாங்குங்க, பழசுல எழுதியிருக்கிற அதே பார் அளவுல. வடிச்ச கூலன்ட்டைத் தெருவுல கொட்டாதீங்க. இனிப்பா இருக்கும், நாய் நக்கினா செத்துடும். கேன்ல அடைச்சு ஒர்க்ஷாப்ல கொடுங்க.