மேப்பிள் போன்சாய்: மெட்சுமி, ஹகாரி, செந்தேய் – மூன்றுக்கும் ‘கத்தரித்தல்’ போதுமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானிய மேப்பிள் மரத்தைப் போன்சாயாக, அதாவது தொட்டியில் குறுமரமாக, வளர்ப்பது பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன்; வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். இளவேனிலில் முதல் இலையிணை விரியும்போதே நடுவிலுள்ள இளநுனியை எடுத்துவிடுவது மெட்சுமி. கோடைத் தொடக்கத்தில் காம்பை விட்டுவிட்டு இலைப்பரப்பை மட்டும் வெட்டுவது ஹகாரி. கிளையையே வெட்டித் திருத்துவது செந்தேய். மூன்றையும் நான் ‘கத்தரித்தல்’ என்றே எழுதியிருந்தேன். இதைப் படிப்பவர் மொட்டு வெடிக்கும் தறுவாயில் கிளையை வெட்டிச் சாறு ஒழுகவிடுவார் என்று சரிபார்த்தவர் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றுக்கும் தனித்தனித் தமிழ்ச் சொற்கள் சொல்லுங்கள்.

*

அம்மா, தொல்காப்பிய மரபியல் இலை, முறி, தளிர், கோடு, சினை, குழை என்று மரத்துக்குரிய சொற்களை அடுக்கித் தந்திருக்கும்போது நமக்கு என்ன குறை? ‘முறி’ என்பது பெயராக நின்றால் இளந்தளிர், வினையானால் ஒடித்தல். செய்பொருளும் செயலும் ஒரே சொல்லில் அடங்குவதால் மெட்சுமியை ‘முறியெடுத்தல்’ எனலாம். செந்தேய்க்குக் ‘கவாத்து’ என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அது படைப்பயிற்சியைக் குறித்து உருது வழியாக வந்த அரபுச் சொல். ‘கிளை கழித்தல்’ இருக்கிறது.

*

ஐயாவை மறுக்க வேண்டியிருக்கிறது. கவர், கவடு, கவட்டை, கவண் எல்லாம் கிளைபிரிதலைச் சுட்டும் ஒரே வேரின. கவடு விடச் செய்வது கவாத்து. ஆகவே அது தமிழே.

*

கவாத்தின் பிறப்பைப் பிறகு பார்ப்போம். வேர்ச்சொல்லை இப்படி வளைக்க நானும் துணியமாட்டேன். தோட்டக்கலை கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘முறி’ என்றால் என் மாணவர்கள் கிளையை ஒடித்துவிட்டுத்தான் நிமிர்வார்கள்.

ஜப்பானியர் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மெட்சுமியில் உள்ள ‘சுமி’ தேயிலை பறிப்பதற்கும் வழங்கும் சொல். ஹகாரியில் உள்ள ‘காரி’ நெல்லறுப்புக்கும் உரியது. 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவை விட்டு வந்து, 1925இல் ஓமியா என்ற இடத்தில் போன்சாய்ச் சிற்றூரை அமைத்தவர்களின் கலைக்கும் சொற்கள் வயலிலிருந்தும் தேயிலைத் தோட்டத்திலிருந்துமே கிடைத்திருக்கின்றன. நம்மிடமும் அவை உள்ளன: கொழுந்து கிள்ளல், இலை அரிதல், கவாத்து. நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் முதலாவதையும் மூன்றாவதையும் விளக்கத் தேவையே இல்லை.

‘கிள்ளல்’ என்பதில் இன்னொரு நயமும் உண்டு. மேப்பிளில் இலைகள் எதிரெதிர் இணையாக வருவதால், நடுநுனியைக் கிள்ளியதும் அதன் ஆதிக்கம் நீங்கி இரு இலைக்கக்கங்களிலும் (இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலைகளிலும்) உள்ள மொட்டுகள் எழுகின்றன. ஒன்று இரண்டாகி, மறு சுற்றில் நான்காகிறது. நுனி நீண்ட பிறகு வெட்டினாலும் கிளை பிரியும். ஆனால் நீண்டுவிட்ட கணுவிடை குறுகாது. ஆகவே கத்தரிக்கோல் தேவைப்படும் அளவுக்குத் தண்டு முற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது என்பதைச் சொல்லே உணர்த்த வேண்டும். இன்னும் பருக்க வேண்டிய கிளையை மட்டும் கிள்ளாமல் ஓடவிட வேண்டும் என்பதைக் கையேட்டில் தவறாமல் சேருங்கள். அதைக் கிள்ளினால் குச்சியாகவே நின்றுவிடும்.

*

நன்றி ஐயா. கொழுந்து கிள்ளல், இலை அரிதல், கவாத்து என்றே அனுப்புகிறேன். பெரும்பாலோர் இசைந்திருக்கிறீர்கள்.

*

கவாத்துக்கு என் இசைவு இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அடைப்புக்குறிக்குள்ளாவது ‘கிளை கழித்தல்’ இருக்கட்டும்.