12 வீடு, சங்கம் இல்லை: வழி சொல்லுங்கள்

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் 12 வீடுகள் கொண்ட பழைய அடுக்குமாடி எங்களுடையது. சங்கம் கிடையாது. இத்தனை வருடமும் கீழ்வீட்டு மாமாதான் கோடு போட்ட நோட்டில் பெயர் எழுதி, வீடு வீடாகப் பணம் வாங்கி, பொது மின்கட்டணம், மோட்டார், கூட்டுபவர் சம்பளம் எல்லாம் பார்த்துக்கொண்டார். முட்டிவலி தாங்காமல் போன வாரம் நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார்.

மறுநாளே தண்ணீர் மோட்டாரின் காயில் எரிந்தது. மூன்று வீட்டார் பணம் தர மறுக்கிறார்கள். அதில் இருவர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள். "தண்ணீர் செலவழிக்கிறவர்களைக் கேளுங்கள்" என்கிறார்கள். இரண்டாம் மாடிப் பாட்டி படிக்குப் படி குடத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கியதைப் பார்த்தபிறகு இதை அப்படியே விட மனமில்லை.

1975 சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் பதியலாம். ஒன்பது பேர் தயார். ஆனால் 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டமும் 2024இல் நடைமுறைக்கு வந்துவிட்டதே, நாங்கள் எதன் கீழ் பதிய வேண்டும்? சேராதவர்களிடம் பராமரிப்புத் தொகை வாங்க என்ன வழி? அப்புறம், எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையா, சதுர அடிக் கணக்கா? சிறிய கட்டடத்துக்கான துணைவிதி (சங்கத்தை நடத்தும் விதிகள்) நகல் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கூடுகிறோம், அதற்குள் தெரிந்தால் பெரிய உதவி.