பழைய முன் ஃபோர்க்கைத் திருத்துவதா, புதியதை வாங்குவதா?

வெள்ளவத்தைச் சவாரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 26 அங்குலச் சில்லுகளும் அலுமினிய பிரேமும் கொண்ட பழைய மலைச் சைக்கிள் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் 100 மில்லிமீற்றர் அமுங்கக்கூடிய ரொக்‌ஷொக்ஸ் நிறுவனத்தின் ரீகன் காற்று ஃபோர்க் (முன் சில்லைப் பிடித்து, அமுங்கி அதிர்ச்சியை வாங்கும் கவை) பூட்டப்பட்டுள்ளது. வார நாட்களில் கொழும்பின் கடலோர மரைன் டிரைவ் வழியே வேலைக்குப் போவதற்கும், விடுமுறை கிடைத்தால் ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் இறங்குவதற்கும் இதே சைக்கிள்தான்.

அண்மைக்காலமாக ஃபோர்க் சிறு குழிகளில் அசையாமல் விறைத்து நின்று, பெரிய குழி வந்ததும் திடீரென்று அமுங்கிவிடுகிறது. மாலையில் காற்றடித்துவிட்டுக் காலையில் பம்பைப் பூட்டிப் பார்த்தால் அழுத்தம் குறைந்திருக்கிறது. இடது காலில், மேற்குழாய் கீழ்க் காலுக்குள் இறங்கும் இடத்திலுள்ள ரப்பர்ச் சீலைச் சுற்றிக் கறுப்பு ஒயில் வளையமாகப் படிகிறது. முன் பிரேக்கைப் பிடித்தால் 'டக்' என்று ஓர் ஆட்டம் கைக்குத் தெரிகிறது. கடையொன்றில் காட்டியபோது, கழற்றிக்கூடப் பார்க்காமல், இவ்வளவு பழைய ஃபோர்க்கை யாரும் திருத்துவதில்லை, முழுதாக மாற்றுங்கள் என்றார்கள். சீல் தொகுதியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் கட்டணமும் வரியும் சேரும் என்றாலும், புதிய ஃபோர்க்கின் விலை அதைவிடப் பல மடங்கு. எதை வைத்து முடிவெடுப்பது?

பழைய சில்லு எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன நான்கு குறைகளும் ஒரே இடத்திலிருந்து வருவன அல்ல. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் விடையில் பாதி கிடைத்துவிடும்.

முதலில் காற்று. பம்பைப் பூட்டும்போது அதன் குழாயை நிரப்புவதற்கே ஃபோர்க்கிலிருந்து கொஞ்சம் காற்று போகும். ஃபோர்க்கின் காற்றறை மிகச் சிறியது என்பதால், கசிவே இல்லாவிட்டாலும் மானி குறைவாகத்தான் காட்டும். ஆகவே மானியை நம்பாமல், ஃபோர்க்கின் மேற்குழாயில் ஒரு ரப்பர் வளையத்தையோ மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையையோ மாட்டி, நீங்கள் ஏறி உட்காரும்போது எவ்வளவு அமுங்குகிறது என்று இரவும் காலையும் அளந்து பாருங்கள். உண்மையாகவே இறங்கியிருந்தால் வால்வில் சவர்க்கார நீரைத் தடவுங்கள். அங்கே குமிழி வந்தால், கார் டயரில் இருப்பது போன்ற அந்த வால்வின் உள் ஊசியை மாற்றினாலே போதும்.

கறுப்பு ஒயிலும் விறைப்பும் சேர்ந்து வந்தால், கீழ்க் கால்களுக்குள் இருந்த மசகொயில் வற்றியோ அழுக்கேறியோ விட்டது என்று பொருள். ரொக்‌ஷொக்ஸ் தன் ஃபோர்க்குகளின் கீழ்க் கால்களை 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்கிறது. மற்றொரு ஃபோர்க் நிறுவனமான ஃபொக்ஸ் 125 மணித்தியாலம் அல்லது ஓராண்டு என்று முழுப் பராமரிப்புக்கு வரம்பு வைத்திருக்கிறது. நம் ஊரில் இதை யார் செய்கிறார்கள்? வாங்கிய நாளிலிருந்து திறக்கப்படாத ஃபோர்க்கைச் செத்துவிட்டது என்று சொல்லிவிடுவதுதான் வழக்கமாக இருக்கிறது.

ஆனால் நீங்கள் ஓடுவது மரைன் டிரைவ். ரீகன் வரிசையில் குரோம் பூசிய இரும்புக் குழாய் உள்ளவையும் வந்தன, அலுமினியக் குழாய் உள்ளவையும் வந்தன. ஒரு காந்தத்தை ஃபோர்க்கின் மேற்குழாயில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, உப்புக் காற்று குரோமில் ஊசிமுனை அளவுக்குத் துருப்புள்ளிகளை உண்டாக்கியிருக்கலாம். சீல் ஏறி இறங்கும் பகுதி முழுவதிலும் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்காவது நகம் தட்டினால் அந்தப் புள்ளி புதுச் சீலையும் அறுத்துவிடும். ஒரே ஒரு சிறு கீறல் என்றால் அதன் விளிம்பை நுண்ணிய உப்புத்தாளால் மழுக்கி, பள்ளத்தை எபொக்சியால் நிரப்பிச் சமப்படுத்தலாம். புள்ளிகள் வரிசையாக இருந்தாலோ, அலுமினியக் குழாயில் மேற்பூச்சு தேய்ந்து வெளிறிய பட்டை தெரிந்தாலோ, சீலுக்குச் செலவழிக்க வேண்டாம்.

இனி அந்த 'டக்'. முன் பிரேக்கைப் பிடித்து, ஒரு விரலைச் சீலும் குழாயும் சந்திக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பிறகு விரலை ஹெட்செட்டின் (ஃபோர்க் பிரேமுக்குள் திரும்ப உதவும் பேரிங் தொகுதி) கீழ்க் கிண்ணத்துக்கு மாற்றி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் கிண்ணத்தில் என்றால் அது ஃபோர்க்கின் குறையே அல்ல, இறுக்கினால் போய்விடும். சீலருகே என்றால் உள்ளே குழாயை ஆடாமல் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. புஷ்ஷைக் கழற்றி அழுத்திப் பொருத்துவதற்குத் தனிக் கருவி வேண்டும், அதை லேத் பட்டறையில் தட்டி ஏற்றும் வேலையாக நினைக்காதீர்கள்.

அளவுகோல் எழுதியது:

மேலே அண்ணா சொன்ன சோதனைகள் ஃபோர்க்கைப் பற்றியவை. எனக்குப் பிரேமைப் பற்றித்தான் கவலை, ஏனெனில் புதியதை வாங்கலாமா என்பதை உங்கள் பணப்பையைவிட, பிரேமின் முன்னால் ஃபோர்க் நுழையும் ஹெட் குழாய்தான் தீர்மானிக்கப் போகிறது.

அந்தக் காலத்துப் பிரேம்களில் பெரும்பாலானவை மேலும் கீழும் ஒரே அளவான, 28.6 மில்லிமீற்றர் ஸ்டியரர் குழாய்க்காகச் (ஹெட் குழாய்க்குள் நுழையும் ஃபோர்க்கின் தண்டு) செய்யப்பட்டவை. இன்று வரும் நல்ல ஃபோர்க்குகளோ கீழே ஒன்றரை அங்குலமாக அகன்றுவரும் ஸ்டியரர் உடையவை. ஹெட் குழாயின் உள்விட்டத்தை வேர்னியரால் அளந்து பாருங்கள். 44 மில்லிமீற்றர் என்றால், வெளியே நீட்டி நிற்கும் கீழ்க் கிண்ணம் ஒன்றைப் போட்டு அத்தகைய ஃபோர்க்கை ஏற்றிவிடலாம். 34 மில்லிமீற்றர் என்றால் அந்தக் கதவு மூடிவிட்டது. நேர் ஸ்டியரர் உள்ளவற்றையே தேட வேண்டும். அவற்றில் இப்போது எளிதில் அகப்படுபவை பெரும்பாலும் சன்டூர் நிறுவனத்தின் மலிவு மாதிரிகள்தான். உங்கள் ரீகன் நன்றாக இயங்கும் நிலையில் அவற்றைவிடத் தாழ்ந்ததல்ல என்பதால், காசு கொடுத்துப் பின்னோக்கிப் போனதாகவே முடியும்.

சில்லும் இடிக்கும். உங்கள் முன் சில்லின் ஹப் 9 மில்லிமீற்றர் விரைவுப் பூட்டும் 100 மில்லிமீற்றர் அகலமும் கொண்டதாக இருக்கும். புதியவை 15 மில்லிமீற்றர் அச்சும் 110 மில்லிமீற்றர் அகலமும் கேட்கின்றன. ஆகவே புதிய ஃபோர்க் என்பது புதிய முன் சில்லையும் சேர்த்த கணக்கு. 29 அங்குலத்துக்கான ஃபோர்க்கைப் போட்டு 26 அங்குலச் சில்லை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அமுங்கும் அளவு ஒன்றாக இருந்தாலும் அது 30 முதல் 40 மில்லிமீற்றர் உயரமானது. முன்பக்கம் தூக்கி, ஹெட் குழாயின் கோணம் ஏறக்குறைய இரண்டு பாகை சாய்ந்து, ஏற்றத்தில் முன்சில்லு அலையும்.

தேயிலைத்தடம் எழுதியது:

நான் மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு பதில்களும் ஃபோர்க்கைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருக்கின்றன. சீலை மாற்றினால் விறைப்பு போகும், ஆனால் ஃபோர்க் அமுங்கி எழும் வேகத்தை அடக்கும் அதன் டாம்பர் அப்படியே எளிய டாம்பராகத்தான் இருக்கும். தோட்டப் பாதையில் கருங்கல் பதித்த நீண்ட இறக்கத்தில் கை மரத்துப்போவதற்கும், பிரேக் பிடித்ததும் முன்பக்கம் தலைகுப்புறக் குனிவதற்கும் சீல் மருந்தாகாது. அதற்காகப் பழைய பிரேமில் புது ஃபோர்க்கைப் பூட்டச் சொல்லவில்லை. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, 29 அங்குலச் சில்லுள்ள பாவித்த சைக்கிள் ஒன்றை முழுதாக வாங்கிவிடுங்கள் என்கிறேன். வாரத்தில் ஐந்து நாட்கள் காலி வீதிப் பக்கமே ஓடுபவர் என்றால் என் பேச்சைக் கணக்கில் எடுக்க வேண்டாம். தார் வீதிக்கு இந்த ஃபோர்க்கே அதிகம்.

வெள்ளவத்தைச் சவாரி எழுதியது:

மூவருக்கும் நன்றி. காந்தம் ஒட்டவில்லை, அலுமினியம்தான். பூச்சில் தேய்மானம் இல்லை. இடது குழாயில், சீல் எட்டாத உயரத்தில் மட்டும் ஒரு கீறல் இருக்கிறது. ஆட்டம் கீழ்க் கிண்ணத்தில்தான் தெரிந்தது, இறுக்கியதும் நின்றுவிட்டது. ஹெட் குழாய் 34 மில்லிமீற்றர். உட்கார்ந்து அளந்ததில் இரவுக்கும் காலைக்கும் வேறுபாடு தெரியவில்லை. எனவே இப்போதைக்குத் திருத்துவது என்று முடிவு செய்திருக்கிறேன். தேயிலைத்தடம் சொன்னதை, மலைப் பக்கம் போவது கூடும்போது யோசிக்கிறேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் மோட்டார் சைக்கிள் ஃபோர்க் சீலும் ஒயிலும் தாராளமாகக் கிடைக்கின்றனவே, அவற்றைப் போடலாமா?

பழைய சில்லு எழுதியது:

சீல் வேண்டாம். மோட்டார் சைக்கிள் சீலின் உதடு கடினமானது. உள்விட்டம் பொருந்தினாலும் உங்கள் ஃபோர்க்கின் விறைப்பு இன்னும் கூடும். தூசுச் சீலும் அதன் அடியிலுள்ள பஞ்சு வளையமும் உங்கள் மாதிரிக்கும் ஆண்டுக்கும் உரியவையாகவே இருக்கட்டும். உள்ளே காற்றை அடைக்கும் ஓ-ரிங்குகளை மட்டும், பழையதைக் கையோடு கொண்டுபோய், நைட்ரைல் ரப்பரில் அதே தடிப்பில் வாங்கலாம். ஒயிலில் தடிப்பு எண்ணைப் பார்த்து வாங்குங்கள். எந்தக் காலுக்கு எவ்வளவு ஒயில் என்பது ரொக்‌ஷொக்ஸின் இணையத்தளத்தில் உள்ள பராமரிப்புக் கையேட்டில் மில்லிலீற்றர் கணக்கில் இருக்கிறது. கூட ஊற்றினால் ஃபோர்க் முழுதாக அமுங்காது.

கழற்றுவதற்கு முன் காற்றை முற்றாக இறக்கிவிடுங்கள், அழுத்தத்தோடு திறந்தால் பாகம் முகத்தில் தெறிக்கும். அடிப் போல்ட்டுகளைச் சில சுற்றுத் தளர்த்திவிட்டு, அவற்றின் தலையில் ரப்பர்ச் சுத்தியலால் தட்டினால் கால்கள் விடுபடும். பெற்றோலால் கழுவ வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். ஐசோபுரொப்பைல் அல்ககோல் போதும். பிரேக் கட்டைகளை முதலிலேயே கழற்றித் தள்ளி வைத்துவிடுங்கள், ஒரு சொட்டு ஒயில் பட்டாலும் அவை வீண்தான்.