தாத்தா கையில் இருப்பது பிரென் துப்பாக்கியா?

முத்தியால்பேட்டைப் பேரன்:
என் தாத்தா புதுச்சேரிச் சொல்தா, அதாவது சிப்பாய். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து கப்பலில் சைகோன் போனவர். 1951இல் அங்கே எடுத்த படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. குப்புறப் படுத்திருக்கிறார். துப்பாக்கிக்கு முன்னால் இரண்டு கால்கள், மேலே செங்குத்தாக மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி). மாமா "பிரென்" என்கிறார். படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடப் போகிறோம், கீழே தப்பான பெயர் எழுதிவிடக் கூடாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் பழைய ஹவில்தார்:
தம்பி, நான் பல வருஷம் எல்.எம்.ஜி. (இலகு இயந்திரத் துப்பாக்கி) தூக்கியவன். நான் தூக்கியது 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றிய பிரென்தான். செக்கோஸ்லோவாக்கியாவின் புர்னோ நகரத்து வடிவம், இங்கிலாந்தின் என்ஃபீல்டில் செய்தார்கள். இரண்டு ஊர்ப் பெயரையும் ஒட்டித்தான் பிரென் என்றானது.

தாத்தா காலத்து .303 பிரெனின் மேகசின் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும். அந்தத் தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. அடுக்க அடுக்க அடிப்பக்கம் பருத்து வரிசை வளையும். அப்புறம், பாரலில் (குழலில்) ஒரு கைப்பிடி. சூடேறினால் சுடுபவருக்குத் துணையாக இருக்கும் நம்பர் டூ ஆள் பூட்டைத் திருப்பி, அந்தக் கைப்பிடியைப் பிடித்துக் கழற்றி வேறு பாரல் போடுவார். இருட்டில் தடவிச் செய்யும் அளவுக்கு எங்களைப் பழக்கினார்கள். உங்கள் படத்தில் மேகசின் வளைவா, நேரா? கைப்பிடி தெரிகிறதா?

முத்தியால்பேட்டைப் பேரன்:
மேகசின் நேராக இருக்கிறது ஐயா. கைப்பிடி இல்லை. தாத்தா அதை "எஃப்.எம்." என்பார், சின்ன வயதில் ரேடியோ என்று நினைத்துக்கொண்டேன். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மாறி மாறி மடக்கி, "இது ஒண்ணு ஒண்ணா, இது சடசடன்னு" என்று காட்டுவார்.

மஞ்சக்குப்பம் பழைய ஹவில்தார்:
சரி, இனிச் சந்தேகமே வேண்டாம். அது பிரெஞ்சுக்காரர்களின் எஃப்.எம். 24/29. எஃப்.எம். என்பது அவர்கள் மொழியில் எல்.எம்.ஜி.க்குச் சுருக்கப் பெயர். அதற்கு இரண்டு விசை. முன்விசையை இழுத்தால் ஒற்றைக் குண்டு, பின்விசையை இழுத்தால் தொடர்ந்து சுடும். பிரெனில் இதற்கு ஒரு சிறு நெம்புகோலைத் தள்ள வேண்டும். தாத்தாவுக்கோ விரலை மாற்றினால் போதும். எவ்வளவு நல்ல யோசனை! மேகசினில் 25 தோட்டா. 7.5 மி.மீ. தோட்டாவில் அந்த விளிம்பு இல்லை, அதனால்தான் மேகசின் நேர். ஆனால் பாரலைச் சட்டென்று மாற்ற வழியில்லை. அளந்து அளந்து சுட்டிருப்பார், அதனால்தான் அந்த விரல்கள் மறக்கவில்லை.

பெயரில் இரண்டு வருஷம் ஏன் என்றால், 1924இல் தோட்டாக் கூட்டின் நீளம் 58 மி.மீ. ஜெர்மன் தோட்டாவுக்கு 57. தவறிப்போய் அதைப் போட்டால் துப்பாக்கியே உடையும் ஆபத்து. 1929இல் கூட்டை 54 மி.மீ. ஆகக் குறைத்தார்கள்.

குருசுக்குப்பத்துக்காரர்:
ஒன்று சேர்க்கிறேன். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கானது. அந்தப் போரில் பிரெஞ்சுப் படையிடம் இருந்தது ஷோஷா என்ற இலகு இயந்திரத் துப்பாக்கி. பிறைநிலா வடிவ மேகசின், எத்தனை தோட்டா மிச்சம் என்று பார்ப்பதற்காகப் பக்கவாட்டில் திறந்திருக்கும். பதுங்குகுழிச் சேறு அதன் வழியே உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாகத்தான் உங்கள் தாத்தாவின் எஃப்.எம். வந்தது.

முத்தியால்பேட்டைப் பேரன்:
மாமாவிடம் படித்துக் காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தாத்தாவின் ஆள்காட்டி விரல் முன்விசைமேல் இருக்கிறது. "எஃப்.எம். 24/29, சைகோன், 1951" என்று எழுதச் சொல்லிவிட்டார்.