மனசு சரியில்லாத நாள்ல என்ன பண்ணுவீங்க?

கேள்வி: சில நாள் எந்திரிக்கவே மனசு வரமாட்டேங்குது, குளிக்கிறது கூட மலையா தெரியுது. சின்னதா என்ன பண்ணலாம்னு சொல்லுங்களேன்.

பதில்: மூட் வரட்டும்னு காத்திருக்காதீங்க, செஞ்சாதான் மூட் வரும், தெரபில பிஹேவியரல் ஆக்டிவேஷன்னு சொல்றது இதைத்தான். குளியல் அப்புறம் பாத்துக்கலாம், மூஞ்சிய மட்டும் கழுவிட்டு ஈரத்தோடயே ஜன்னலைத் திறந்து வெளிச்சத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க, காலை வெளிச்சம் ராத்திரி தூக்கத்துக்கும் நல்லது.

பதில்: 4 எண்ணி மூச்ச இழுத்து 6 எண்ணி மெதுவா விடுங்க, விடுற மூச்சு நீளமானா படபடப்பு தணியும். அப்புறம் போனை வேற ரூம்ல வைங்க ப்ளீஸ், படுத்துக்கிட்டே ஸ்க்ரோல் பண்றதுதான் ஆளை இன்னும் அமுக்குது.

பதில்: எல்லாம் சரிங்க, ஆனா 2 வாரத்துக்கு மேல தினமும் இப்படியே இருந்தா டாக்டரைப் பாத்துடுங்க, அது சோம்பேறித்தனம் இல்ல. இன்னைக்கு நெருக்கமான ஒருத்தருக்காவது போன் பண்ணுங்க.