கீசரைக் கழற்றிவிட்டு சோலார் வாட்டர் ஹீட்டர் போடலாமா?

மொட்டைமாடி: கோவை, சொந்த வீடு, நாலு பேர், போர் தண்ணி. ரெண்டு மாசத்துக்கு 560 யூனிட் ஓடுது. 15 லிட்டர் கீசருக்குப் பதிலா 100 லிட்டர் சோலார் ஹீட்டர் போட்டா பத்து வருஷத்துல லாபமா?

வெயில்காரன்: தாராளமா போடுங்க. 860 கிலோ கலோரி ஒரு யூனிட். 20 லிட்டர் வாளியை 26 டிகிரியிலிருந்து 40-க்கு ஏத்த 280 கிலோ கலோரி ஆகும், அதாவது யூனிட்டில் மூணில் ஒரு பங்கு. நாலு வாளி, 60 நாளுக்கு 78 யூனிட். கீசர் சும்மா நிக்கும்போது ஆறிப்போற சூட்டையும் சேர்த்தா 90 வரும். 2022 செப்டம்பர் கட்டணப்படி 560 யூனிட்டுக்கு 2430 ரூபாய், 470 யூனிட்டுக்கு 1545. வித்தியாசம் 885. அதுக்கப்புறம் கட்டணம் இன்னும் ஏறித்தான் இருக்கு.

உப்புத்தண்ணி: அந்த 885-ல 225 ரூபாய் 500 யூனிட்டைத் தாண்டினதுக்கான தண்டம். அந்தக் கட்டணத்துல 500-ஐத் தாண்டிட்டா 101-லிருந்து 200 வரைக்குமான யூனிட்டுக்கு 2.25 ரூபாய் போய் 4.50 ஆயிடும். 500-க்குக் கீழ இறங்க சோலார் எதுக்கு? பழைய ஃபேன் 75 வாட், பிரஷ் இல்லாத மோட்டார் வச்ச பிஎல்டிசி ஃபேன் 30 வாட். மூணு ஃபேன், தினம் 12 மணி நேரம்னா ரெண்டு மாசத்துல 97 யூனிட் குறையும். செலவு பத்தாயிரம் சுமார். அதை முதல்ல செஞ்சுட்டு சோலார் போட்டா மிச்சம் 885 இல்ல, 500 ரூபாய்தான். வருஷத்துக்கு மூவாயிரம். இருபத்தஞ்சாயிரம் போட்டு எட்டு வருஷம் காத்திருக்கணும். அதுக்குள்ள போர் தண்ணி சோலாரோட கண்ணாடி டியூப்ல உப்பைக் கட்டிடும்.

வெயில்காரன்: உப்பு கீசரை மட்டும் விட்டுவைக்குமா? எலிமென்ட் மேல சுண்ணாம்பு படிஞ்சா கொதிக்கிற பாத்திரம் மாதிரி சத்தம் போடும், சூடு தண்ணிக்குப் போகாம எலிமென்டே எரிஞ்சுபோகும். டேங்க் துருப்பிடிக்காம தான் கரையற மெக்னீசியம் ஆனோட் ராடு கரைஞ்சு தீர்ந்தது தெரியாம விட்டா அடுத்து டேங்க் ஓட்டை. உப்புத்தண்ணிக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் (போர் தண்ணி பேனலுக்குள்ள போகாம சூட்டை மட்டும் கடத்தற அமைப்பு) வச்ச ஃபிளாட் பிளேட், அதாவது டியூப் இல்லாத தட்டைப் பேனல் மாடல் இருக்கு. விலை கூடத்தான்.

உப்புத்தண்ணி: விலை கூடினா எட்டு வருஷம் பத்தாகுது, அதையும் சொல்லுங்க. கீசரை 50 டிகிரியில வச்சா உப்பு படியறதே குறையும். கிருமி தங்காம வாரம் ஒருமுறை 60-க்கு ஏத்திவிட்டாப் போதும். தவிர, சுடுதண்ணி ரொம்பத் தேவைப்படற ஐப்பசி, கார்த்திகையில வானம் மூடிக்கும். அப்ப சோலார் டேங்க்ல இருக்கிற எலிமென்டைப் போடுவீங்க. 15 லிட்டர் போதுற இடத்துல 100 லிட்டரும் காயும். 30 டிகிரி ஏத்த 3.5 யூனிட்.

வெயில்காரன்: அந்த எலிமென்ட் வேண்டாம், ஒத்துக்கறேன். கீசரை அப்படியே வச்சிருந்து, சோலார் தண்ணியை அதுக்குள்ள விடுங்க. மழை நாள்ல மட்டும் சுவிட்ச் போட்டாப் போதும்.

முக்கால்இஞ்ச்: ரெண்டு பேரும் குழாயை மறந்துட்டீங்க. மாடியிலிருந்து பாத்ரூமுக்கு 15 மீட்டர், முக்கால் இஞ்ச் குழாய்னா உள்ளே நாலு லிட்டருக்கு மேல ஆறின தண்ணி நிக்கும். ஒவ்வொரு குளியலுக்கும் முதல்ல அது வெளியே வரணும். அரை இஞ்ச் போட்டா பாதிக்கும் கீழே, ஆனா வேகம் குறையும். மேலே ஃபோம் சுத்தாத குழாய் போட்டவங்கதான் "சோலார்ல சூடே இல்ல"ன்னு புலம்புவாங்க. ஓவர்ஹெட் டேங்கின் அடிமட்டம் சோலார் டேங்கை விட உயரத்துல இருக்கணும், காத்தும் ஆவியும் வெளியேற ஏர் வென்ட் குழாய் ஓவர்ஹெட் டேங்கின் தண்ணி மட்டத்துக்கும் மேல போகணும். வென்ட் இல்லாம பிரஷர் பம்ப் கொடுத்தா சாதாரண மாடல் டேங்க் உப்பிக் கிழியும். தண்ணி தீர்ந்து டியூப் வெயில்ல காஞ்சு கிடந்தா பகல்ல மோட்டார் போடாதீங்க, பச்சைத்தண்ணி பட்டதும் கண்ணாடி விரிசல் விடும். விடியறதுக்கு முன்னாடி நிரப்புங்க.

மொட்டைமாடி: டேங்க் மாடிப்படி அறைக்கு மேல, உயரம் இருக்கு. மூணு ஃபேனும் பழசுதான். ஃபேனை மாத்திட்டு அடுத்த பில்லைப் போடறேன்.

வெயில்காரன்: மார்கழி பில்லையும் சேர்த்துப் போடுங்க.